சிங்கப்பூரில் இருந்த தம்பி

என் தம்பி சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் சென்னையில், கோயம்பேடு பாலத்துக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தான்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருப்பார். அவன் கிளம்பியபோது கூட்டாளிகள் ஊர் முகப்பில் பேனர் வைத்தார்கள். அம்மா தெருவுக்கே கறிச்சோறு போட்டாள். சென்னையில் போய் இறங்கினால், ஏஜெண்ட் போனை அணைத்துவிட்டு ஓடிப்போயிருந்தான். திரும்பி வந்து தொலையேன்டா என்றேன். கறிச்சோறு தின்றவர்கள் முன்னால் எந்த மூஞ்சியோடு வந்து நிற்பது என்று கேட்டான். மூஞ்சியாம், பெரிய மூஞ்சி! யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டான். போதாக்குறைக்குக் கிரேன் ஓட்டுகிறான் என்று சேர்த்துச் சொன்னது அம்மா.

மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்தான். போன வருஷம் அங்கிருந்த ஒரு நர்ஸம்மா எனக்குப் போன் செய்தார். காசநோய், உடனே வாங்க என்றார். போய்ப் பார்த்தேன். சட்டைக்குள் ஆளே இல்லை. ஏற்கெனவே மாத்திரை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டானாம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது, மூட்டை தூக்க முடியவில்லை, தூக்காவிட்டால் சோறு இல்லை. ஒரு நாள் நடைபாதையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் சாக்கோடு மாத்திரையையும் குப்பை வண்டியில் அள்ளிப் போட்டுவிட்டார்கள். நர்ஸம்மாவுக்கு என் மேல் கோபமா, ஊர் மேல் கோபமா தெரியவில்லை.

"இது குணமாகுற நோய்தாம்மா. மாத்திரை நாங்க குடுத்துருவோம். கூரையும் சோறும் நாங்க எங்கேருந்து குடுக்குறது? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

கூட்டிக்கொண்டு வந்தேன். தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நல்ல பிள்ளையாக வந்தான். எங்கள் ஊர் டவுன் பஸ் வந்து நின்றது. உள்ளே தெரிந்த முகங்கள். துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு தூண் பக்கம் ஒதுங்கிவிட்டான்.

"அக்கா, இப்படியேவா வரச் சொல்ற? கொஞ்சம் தேறட்டும். பெட்டியும் கையுமா வர்றேன்."

"உசுரே போனப்புறம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு யாருடா வரப்போறா?" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் அசையவில்லை.

என் வீட்டுக்காரர் அடுத்த நாளே வந்து கெஞ்சினார். எங்கள் வீடும் அதே ஊர்தானே, வரமாட்டேன் என்றான். லாட்ஜில் கேட்டோம். இருமலைக் கேட்டதும் அறை காலியில்லை என்றார்கள். கடைசியில் அம்மாவை அழைத்து வந்தேன். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்று நம்பினேன். அவள் அவன் கன்னத்தைத் தடவித் தடவி அழுதாள். அப்புறம், அவன் சொல்வதும் சரிதான், நாலு பேர் கேட்டால் என்ன பதில் சொல்வது, தேறியே வரட்டும் என்றாள். நல்லா இருக்கிறது நியாயம்! பட்டுக்கோட்டையில் ஃபாரின் சாமான் விற்கும் கடையில் தைலமும் சோப்பும் சாக்லேட்டும் வாங்கி, சக்கரம் வைத்த பெட்டி ஒன்றில் அடுக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அவன் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொண்டான். தினமும் காலையில் சோறு கட்டிக்கொண்டு அங்கே பஸ் ஏறினேன். அவன் சாப்பிட்டு மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சதை போட்டது. சம்பா நடவு முடிந்துவிட்டதா, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் விசாரித்தான். தீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்றான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வயலும் ரோடும் ஒன்றாகக் கிடந்தன, பஸ் ஓடவில்லை. தண்ணீர் வடிந்து நான் போனபோது பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தவர்களை எல்லாம் விரட்டிவிட்டிருந்தார்கள். தேடித் தேடி, மூடிக்கிடந்த ஒரு கடை வாசலில் கண்டுபிடித்தேன். தொப்பலாக நனைந்து, நெருப்பாகக் கொதித்துக்கொண்டு கிடந்தான். மாத்திரைப் பையைக் காணோம். ஆட்டோவில் போகும்போதே ரத்தம் கக்கினான். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒரு மத்தியானம் அம்மா ரசம்சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது போய்விட்டான். என் தம்பி, எனக்குப் பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை.

ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவந்தோம். பாடையில் கிடக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டும் அம்மா, சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கினான், இறங்கினதும் நெஞ்சு வலித்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது. அடுப்பில் என்ன குழம்பு என்று கேட்காமல் எங்கள் தெருவில் யாரும் தாண்டிப் போகமாட்டார்கள். அன்றைக்கு ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எப்போது வந்தான் என்றுகூடக் கேட்கவில்லை.

கோயம்பேட்டுக்குத் தேங்காய் லாரி ஓட்டுகிறவன் எங்கள் தெருவில் இருக்கிறான். தம்பியோடு படித்தவன். அவன் என் காலடியில் உட்கார்ந்து தேம்பினான். பாலத்தடியில் தம்பியைப் பார்த்தானாம், எப்போதோ. தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டானாம். கிட்டே போனால் கூனிக்குறுகிப் போவான் என்று இவன் பார்க்காத மாதிரி வந்துவிட்டானாம்.

"ஊர்ல எல்லாருக்கும் தெரியும்க்கா. நீங்க சங்கடப்படக் கூடாதுன்னுதான் யாரும் மூச்சு விடல."

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். எல்லோருமே நல்லவர்கள்தான். இந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எங்களுக்காக அவர்களும், அவர்களுக்காக நாங்களும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அம்மா காதிலும் அது விழுந்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு, பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எம் புள்ள பஸ் ஏறி வந்திருப்பானே" என்றாள்.