ஊசி வீட்டில், டிபன் கேன்டீனில்

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. குடித்தவன் என்றார்கள்

ஒரு திங்கட்கிழமை, முதல் ஷிப்ட். டிபன் மணி இன்னும் அடிக்கவில்லை. தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர் நாகராஜ், ஓர் ஆபரேட்டரைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"இவன பாருங்க சிஸ்டர். காலங்காத்தால ஊத்திக்கினு வந்துக்கிறான். மெஷின் டைக்குள்ள கைய வெச்சிக்கினு அப்படியே நிக்கிறான். நான் இழுக்கலன்னா கை போயிருக்கும்."

வந்தவர் முருகேசன். தென்காசிப் பக்கத்துக்காரர், குருபரப்பள்ளியில் வாடகை வீடு. சட்டை நனைந்திருந்தது, நாக்கு குழறியது, கை நடுங்கியது. ஆனால் சாராய வாடை இல்லை. என் மூக்கை நான் நம்புவேன். விரலில் குத்தி சுகர் பார்த்தேன். அதலபாதாளத்தில் கிடந்தது.

நினைவிருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தேன். ஏறியிருந்தது. உடனே கேன்டீனிலிருந்து இட்லி வரவழைத்தேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆம்புலன்ஸ்தான்.

தெளிந்ததும் முருகேசன் கேட்ட முதல் கேள்வி, "மெஷின்ல யாரு நிக்கா?"

"சுகருக்கு ஊசி போடுறீங்களா?" என்றேன். அவர் நாகராஜைப் பார்த்தார். நாகராஜை வெளியே அனுப்பினேன்.

"போன வாரந்தான் ஆரம்பிச்சேன் சிஸ்டர். காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி போடுன்னாரு டாக்டரு. போட்டுட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

"சாப்பாடு?"

"அது இங்க கேன்டீன்லலா."

போன வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட். காலை ஊசியும் வீட்டில், இட்லியும் வீட்டில். இந்த வாரம் ஷிப்ட் மாறியது. விடியுமுன்னே ஊசி போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, பிரஸ்ஸில் நின்றிருக்கிறார். கை கழுவியது, அளவு, ஊசி போட்ட இடம், எல்லாம் சரி. சோறு மட்டும் மருந்துக்கு வெகுநேரம் பின்னால் வந்தது. ஷிப்ட் மாறும் என்று டாக்டரிடம் சொல்லவில்லை; அவரும் கேட்கவில்லை.

"இங்க கொண்டாந்து போட்டிருக்கலாமே?"

"நாலு பேரு பார்ப்பாவ சிஸ்டர். சுகர்க்காரனுக்கு பிரஸ் எதுக்குன்னு பேக்கிங்குக்குத் தள்ளிருவாவ. ஓ.டி. காசு போயிரும்லா."

2. பேக்கிங்

குடித்தவன் என்ற பேர் ஒட்டினால் சஸ்பென்ஷன். ஆகவே, இது குடி அல்ல, சுகர் இறங்கியது என்று மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன். முருகேசனின் டாக்டரிடமும் போனில் பேசினேன். முதல் ஷிப்ட் வாரத்தில் மருந்து எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், டிபனுக்கு அரை மணி முன்னால் இங்கேயே போட்டுக்கொள்ளட்டும் என்றார். சுகர் நிலைக்கு வரும்வரை பிரஸ் வேண்டாம் என்றார் கம்பெனி டாக்டர். முருகேசன் பயந்த பேக்கிங்தான் கிடைத்தது.

"காப்பாத்துன கையாலயே சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்க சிஸ்டர்" என்றார்.

எனக்கு வலித்தது. "ஓ.டி. போனா திரும்ப வரும், கை போனா எந்த ஷிப்டுல முளைக்கும்?" என்று கேட்டேன். அவர் பேக்கிங் பக்கம் நடந்தார்.

3. நாகராஜ்

இரண்டு நாள் கழித்து நாகராஜ் வந்து கதவைச் சாத்தினார். சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து இன்சுலின் பேனா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதையும் ஃப்ரிட்ஜுல வெக்கிறீங்களா சிஸ்டர்?" என்றவர், தலையைக் குனிந்துகொண்டார். "அன்னிக்கு அது தண்ணி இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அப்படி வேர்த்துக்கிது. சுகர்னு சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்களே."

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று வந்தது எனக்கு. தன்னை மறைக்க இன்னொருவனைக் குடிகாரனாக்கிய மனிதர். ஆனால் கையை இழுத்துக் காப்பாற்றியவரும் அவரேதான். "இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? பேக்கிங்குக்குப் போய்ச் சொல்லுங்க" என்றேன். போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் டிபனுக்கு முன்னால் இருவரும் வந்தார்கள். முகம் பார்த்துக்கொள்ளவில்லை. முருகேசன் ஊசி போட்டு முடித்து, ஊசியைத் தடித்த டப்பாவில் போட்டு மூடினார். நாகராஜ் சட்டையைத் தூக்கி, வழக்கமாகக் குத்தும் இடத்திலேயே பேனாவை வைத்தார். முருகேசன் பார்த்துவிட்டார்.

"அங்கன வேண்டாம் சார். கட்டி தெரியுது பாருங்க, மருந்து ஒழுங்கா ஏறாது. தள்ளிப் போடுங்க."

நாகராஜ் தள்ளிப் போட்டார். 

ஊசி போடச் சொல்லிக்கொடுக்கும்போது, எந்த ஷிப்ட், எங்கே சாப்பாடு என்று கேளுங்கள். ஒளியாமல் போட்டுக்கொள்ள ஓர் இடமும் கொடுங்கள். அது இல்லாவிட்டால் நாம் சொல்லிக்கொடுத்தது எதுவும் பஸ் ஏறும்வரைகூட நிற்காது.