மூன்று முறை அழைத்ததாக எழுதிய புகார்

இது நடந்தது. நடக்கவில்லை என்று யாராவது நிரூபித்துக் காட்டினால் அவர் காலில் விழுந்து கும்பிடுவேன். ஏனென்றால் இதில் என் பங்கும் இருக்கிறது.

நான் பத்மப்ரியா. சொந்த ஊர் திருச்சி. ஹைதராபாத்தில் ஓர் இன்டர்நெட் கம்பெனியின் தமிழ்ப் பிரிவில் புகார் கேட்கும் வேலை. கம்பெனி ஒரு பெட்டியை வாடகைக்குக் கொடுக்கும். வீட்டின் இன்டர்நெட், லேண்ட்லைன் இரண்டும் அந்த ஒரே பெட்டியில்தான் ஓடும். அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளை வாடிக்கையாளர் தொட முடியாது. இங்கிருந்து நாங்கள்தான் மாற்றுவோம். போன ஜூலையில் அனுப்பிய புது ஃபர்ம்வேர் பாதியில் நின்றுபோய், பல பெட்டிகள் முடங்கின. சிவப்பு லைட் மட்டும் எரியும். வேறு எதுவும் வேலை செய்யாது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, ஆர்தர் என்ற பெரியவர் பக்கத்து வீட்டு மொபைலிலிருந்து கூப்பிட்டார். மெட்டுகுடாவில் தனியாக இருப்பவர். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்.

"போனும் போச்சுமா. நெஞ்சு சரியில்லாத ஆளு நான். லேட் நக்கோ, லேட் பண்ணாதீங்க."

"நாளைக்குச் சரி பண்ணிடுவோம் சார்."

எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பேன்.

எனக்கு அது முக்கியமான வாரம். திங்கட்கிழமை என் பெயரில் ஒரு புகார்கூடப் பாக்கி இல்லை என்றால் வேலை நிரந்தரம். இருந்தால் வீட்டுக்குப் போகலாம். டீம் லீடர் வினய் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. வாடிக்கையாளரை மூன்று முறை அழைத்து, அவர் எடுக்காவிட்டால் புகாரை மூடலாம். எந்த எண்ணுக்கு அழைப்பது? பதிவில் இருக்கும் எண்ணுக்கு. அதாவது, வேலை செய்யவில்லை என்று அவர் புகார் சொன்ன அதே லேண்ட்லைனுக்கு. எப்படியும் மணி அடிக்கப் போவதில்லை. அதனால் அழைக்காமலே மூன்று முறை அழைத்ததாக எழுதி மூடிவிடுவோம். எல்லோரும் செய்வதுதான். புதன்கிழமை மாலை 5:10க்கு நானும் செய்தேன். அப்போது வெட்கமாகக்கூட இல்லை.

சனிக்கிழமை. மாலை 5:42. ஹெட்செட்டில் ஓர் அழைப்பு. திரையில் ஆர்தரின் லேண்ட்லைன் எண்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லைன் சரியாகிவிட்டது. இனி யாரும் தோண்ட மாட்டார்கள்.

"ஆர்தர் சார்தானே?"

"ஹவ்மா, நான்தான். லைட்டு செவப்பாவே இருக்கு."

சிவப்பு எரிந்தால் போன் வேலை செய்யாது. செய்யவே செய்யாது. பெட்டியின் நிலவரத்தைத் திறந்து பார்த்தேன். பல நாளாகத் தொடர்பில் இல்லை என்று காட்டியது.

"பின்னாடி சின்னதா ஓட்டை இருக்கும் சார். ஊக்கு வெச்சு பத்து செகண்ட் அழுத்துங்க."

"கை வரலமா."

"சரி, வயரைக் கழட்டி மாட்டுங்க."

"வயரே இல்லமா."

"வயர் இல்லாம எப்படி சார் லைட் எரியும்?"

டக்... டக்... ரிசீவர் கொக்கியைத் தட்டுகிற சத்தம்.

"இங்க நெறைய பொட்டிமா. அடுக்கி வெச்சிருக்காங்க. கைக்குமா, எதுக்கு என்னை இங்க கொண்டாந்து வெச்சீங்க?"

5:47.

அவர் பக்கத்தில் ஒரு மணி ஒலித்தது. டிங்... பிறகு ஒரு பெண் குரல். "பேஸ்மென்ட் ஒன்."

அது எங்கள் கட்டடத்து லிஃப்ட்.

வினய்யை இழுத்துக்கொண்டு படிவழியே இறங்கினேன். பேஸ்மென்ட்டில்தான், திருப்பிக் கொடுத்த பெட்டிகளை வைக்கும் ஸ்டோர். பூட்டியிருந்தது. வினய் திறந்தார்.

உள்ளே இருட்டு.

அலமாரி முழுக்கப் பெட்டிகள். எதிலும் வயர் இல்லை.

ஒன்றில் மட்டும் சிவப்பு.

டக்... டக்...

ஹெட்செட் மேலே என் மேஜையில் கிடந்தது.

5:53. லைட் அணைந்தது.

வினய் மொபைல் வெளிச்சத்தில் ஸ்டிக்கரைப் படித்தார். ஆர்தர், மெட்டுகுடா. பெட்டி வெள்ளிக்கிழமையே திரும்பி வந்திருக்கிறது. காரணம் என்ற இடத்தில் பேனாவால் எழுதியிருந்தது: கஸ்டமர் எக்ஸ்பயர்டு.

"எவரிக்கி செப்பொத்து" என்றார் வினய். யாரிடமும் சொல்லாதே என்று.

திங்கட்கிழமை என் வேலை நிரந்தரமானது. அன்றைக்கே, முடங்கித் திரும்பிய பெட்டிகளைச் சோதிக்கும் லேப் ஆட்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்த பதிவை எடுத்து அனுப்பினார்கள். புதன்கிழமை மாலை 5:42க்கு ரிசீவர் எடுக்கப்பட்டிருக்கிறது. 5:53 வரை பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் அழுத்திய எண் 108. ஒன்றுகூட வெளியே போகவில்லை.

மறுநாள் அவருடைய மகள் ஷெர்லி பேசினார். புகாரை மூடியதாகக் கம்பெனி அனுப்பிய மெயிலை அப்போதுதான் பார்த்தாராம்.

"புதன்கிழமை மூணு தடவ அப்பாவுக்கு போன் பண்ணீங்கன்னு போட்டிருக்கு. மறுநாள் காலைலதான் பக்கத்து வீட்டுக்காரங்க கதவ ஒடச்சுப் பார்த்திருக்காங்க. உங்ககிட்ட ஒரு தடவையாச்சும் அவரு பேசினாராங்க?"

அவருடைய புகாரைத் திரையில் திறந்தேன்.

"பேசினாரு மேடம்" என்றேன். அதில் பொய் இல்லை.

ஷெர்லி அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னார்.