கிரகணம் விடாமலே மறைந்த நிலா

அக்கரைப்பற்றில் நான் ஆட்டோ ஓட்டத் தொடங்கிய புதிதில், பௌர்ணமி வருகிற ஒரு போயா தினத்து அதிகாலையில் நடந்தது இது. கிரகணத் தொழுகையும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகையும் முடிந்து, பள்ளிவாசலுக்கு வெளியே நின்று நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் நிறத்தில் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. அப்போது பக்கத்து ஆலையடிவேம்பிலிருந்து, வழக்கமாக என் ஆட்டோவில் வருகிற, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"நானா, மனிசிக்கு வலி வந்திட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் வீட்டில் போய் நிறுத்தினால், அவருடைய தாய் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறார். "கிரகணம் விடட்டும் தம்பி. இந்த நேரத்தில வெளிய போனாப் புள்ளைக்குக் கூடாது."

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. அது வெறும் பூமியின் நிழல், நிழல் யாரை என்ன செய்யும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவர் தன் மகனைக் காட்டினார். "இவன் வயித்தில இருக்கக்க நான் கிரகணத்தில வெளிய போயிட்டன். இவன்ட வாயப் பாருங்க."

மகனின் மேலுதட்டில் தையல் தழும்பு இருந்தது. பிறக்கும்போதே பிளந்திருந்த உதடு. மகன் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஆட்டோவை அணைத்துவிட்டு இறங்கினேன். என் மனைவி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது, கிரகணம் என்று சொல்லி அவளைக் கத்தி தொட விடாதவர்கள்தானே எங்கள் வீட்டிலும் இருந்தார்கள்.

உள்ளே அந்தப் பெண் முனகிக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் நிலாவையே பார்த்தோம். விடுகிற மாதிரித் தெரியவில்லை. விடியத் தொடங்கியதும் அது வெளுத்து மங்கி, வயலுக்கு மேலே கிடந்த மூட்டத்துக்குள் கிரகணத்தோடேயே போய்விட்டது. கிரகணம் எப்போது விட்டது என்று இனி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? தாய் திகைத்துப் போனார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணே வாசலுக்கு வந்தார். "மாமி, நிலா போயிட்டு. இனியும் பாத்துக்கொண்டிருந்தா நானும் புள்ளையும் போயிருவம். பயமெண்டா நீங்களும் ஏறுங்க."

மாமியார் ஒரு போர்வையை எடுத்து வந்து, மருமகளைத் தலையோடு மூடி அணைத்தபடி ஆட்டோவில் ஏறினார். வழி முழுக்க அந்தப் போர்வை விலகாமல் பிடித்துக்கொண்டே வந்தார். வேகமாக ஓட்டுவதா, குலுங்காமல் ஓட்டுவதா என்று தெரியாமல் நான் ஓட்டினேன்.

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஏசினார்கள். பெண் குழந்தை. மாமியார் முதலில் அதன் உதட்டைத்தான் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நான் எவ்வளவோ விளக்கியும் அசையாத ஒரு பயத்தை, அந்தப் பெண் தன் பக்கத்திலேயே ஏறி உட்காரச் சொன்னார். யாரோடாவது வாதாட வாயெடுக்கும் போதெல்லாம், இன்றைக்கும் அது நினைவுக்கு வந்து என் குரலைத் தணித்துவிடுகிறது.