தொப்பிக்குள் இருந்தவர்

லாயிட் ஹாஸ்கின்ஸுக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் அவருடைய உயரமும் செம்பட்டை முடியும்தான். வர்ஜீனியாவில் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தவர், பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு பழங்கால மாளிகையின் தோட்டத்தில், அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதி, பிறகு ஜனாதிபதியும் ஆன தாமஸ் ஜெஃபர்சனாக வேடமிட்டு நின்றார். பார்க்க வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் 'நான்' என்றே பதில் சொல்வார். எல்லா மனிதரும் சமம் என்று எழுதியது நான். நூற்றுக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்திருந்ததும் நான். அந்த மனிதர் சொல்லாததை அவர் வாயில் வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. அதற்காகவே லாயிட் ஜெஃபர்சனின் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தார். லாயிடை அறிஞர் என்று சொல்ல முடியாது. கூடுதலாக ஒரு சொல் சொல்லாதவர், அவ்வளவுதான்.

பின்கட்டில் அடிமைச் சமையல்காரியாக நடித்தவள் ஓடெஸா பிரான்ச். அவளுடைய முன்னோர்கள் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நிஜமாகவே அடிமைகள். கார் நிறுத்துமிடத்தில்கூட லாயிடை விடமாட்டாள்.

"என்ன எஜமானரே, முட்டிவலி தேவலையா? சுதந்திரப் பிரகடனம் எழுதின கையால இந்தப் பையைக் கொஞ்சம் தூக்குங்க."

அவரும் சிரித்துக்கொண்டே தூக்குவார்.

அவள் ஓய்வு பெற்ற நாளில், பார்க்க வந்தவர்களின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாவுக் கையோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எஜமானரே, எங்களை அடிமையா வச்சிருந்தது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். எழுதியும் இருக்கேன்."

"ஊருக்கெல்லாம் எழுதினீங்க. எங்ககிட்ட ஒரு மன்னிப்பு? இன்னியோட நான் போறேன். உங்க வாயால ஒரு தடவை கேட்டுட்டுப் போறேனே."

அவள் நடிக்கவில்லை என்பது லாயிடுக்குப் புரிந்தது. படித்த கடிதங்களையெல்லாம் மனதுக்குள் புரட்டினார். அப்படி ஒரு வரி அவர் கண்ணில் பட்டதே இல்லை. தானாக ஒன்றைச் சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கேட்காத மன்னிப்பைக் கேட்டதாக்கி அந்த மனிதரைத் தப்பவிட்டதாகிவிடும். லாயிட் தன் வேடத் தொப்பியைக் கழற்றினார்.

"ஓடெஸா, என்னை மன்னிச்சிரு."

"நீ என்ன பண்ணின, லாயிட்? மழை வந்தா என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டவன் நீ. உன்னை யாரு கேட்டா? தொப்பியைப் போடு. அவரைக் கூப்பிடு."

லாயிட் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தார். ஓடெஸா பொறுமையாகத்தான் காத்திருந்தாள். பிறகு, "ரொட்டி கருகுது" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு நடந்தாள்.

கூட்டத்தில் ஒருவர், எந்த வருஷம் ஜனாதிபதி ஆனீங்க என்று கேட்டார்.

"ஆயிரத்து எண்ணூத்தி ஒண்ணுல" என்றார் லாயிட்.