பூசையில் வைத்த கம்ப்யூட்டர்

எஹலியகொட பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, தோட்டத்துக்கே ஒரு டெலிபோன் லைன்தான் இருந்தது. அதிலேயே இதையும் கொண்டுவந்து மாட்டினார்கள். மெயில் புரோகிராமுக்கு அரை மணிக்கொரு தரம் தானாக டயல் பண்ணும் வியாதி. கிறீச்சென்று கத்திக்கொண்டு லைனைப் பிடித்தால், யாராவது போய்த் துண்டிக்கும்வரை விடாது. அதுவரை வெளியிலிருந்து ஃபோன் எடுப்பவர்களுக்கு என்கேஜ் சத்தம்தான் கேட்கும். அது கத்தும்போதெல்லாம் ஓடிப்போய் நிறுத்துவது சின்னக் கிளாக்கரான என் வேலை. தானாக டயல் பண்ணாமலே செய்ய எங்கோ ஒரு வழி இருக்கும் என்று தெரியும். தேடவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

சரஸ்வதி பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை ஒரு கடிதத்தோடு வந்தார். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவருக்கு வருவதையெல்லாம் நான்தான் வாசிப்பேன். கொதிக்கிற எண்ணெய் கொட்டி மகளின் கை வெந்துவிட்டது. அதே கையோடு வேலை வாங்குகிறார்கள். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பூசையன்று காலையில் ஆபீசுக்கு ஃபோன் எடுப்பாளாம். அம்மா வரச் சொன்னால் வந்துவிடுவாளாம். அன்று சாயந்தரத்துக்குள் அவள் முடிவு சொல்லியாக வேண்டும்.

"வரச் சொல்லிருவேன் தம்பி. கஞ்சியோ கூழோ குடிச்சுக்கிட்டுக் கெடப்போம்" என்றார் அத்தை.

பூசையன்று தோட்ட மேனேஜரான தொரை கொழும்புக்குப் போய்விட்டார். போகும்போது கம்ப்யூட்டரைக் காட்டி, "ஓக்க ஓஃப் கரண்ட எப்பா" என்றார் சிங்களத்தில். அணைக்கக் கூடாது, சரி. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டேன். பால்வெட்டுக் கத்திகள், தராசு, டெலிபோன் எல்லாவற்றுக்கும் பொட்டு. பூசையில் வைத்ததை மறுநாள் காலைப் பூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். டெலிபோனுக்கு மட்டும் நானே ஒரு சட்டம் போட்டேன்: அடித்தால் எடுத்துப் பேசலாம், நாமாக யாருக்கும் டயல் பண்ணக் கூடாது. பெரிய சட்ட நிபுணர்.

அத்தை ஒன்பது மணிக்கே சலவைச் சேலையில் வந்து டெலிபோனுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் கத்தியது. என் கை மவுசை நோக்கிப் போயே விட்டது. மவுசிலும் நான் வைத்த பொட்டு இருந்தது.

கையை இழுத்துக்கொண்டேன்.

"என்னா தம்பி அந்தச் சத்தம்?"

"அது ஒண்ணுமில்ல அத்தை."

பத்தாகியது, பதினொன்றாகியது. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினால் போதும் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். பொட்டு வைத்தவனே கை வைத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அதைவிட, பெரிய கிளாக்கர் பார்த்தால் என்ன சொல்வார் என்ற பயம். ஒரு பெண்ணின் வெந்த கை என் கணக்கில் அவ்வளவு கீழே இருந்திருக்கிறது.

"இன்னும் அடிக்கலையே தம்பி."

"லைன்ல கூட்டமா இருக்கும் அத்தை. இன்னிக்கு எல்லாரும் எடுப்பாங்கல்ல."

நாலு மணிவரை அத்தை தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. பிறகு சேலையை உதறிக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனார்.

மறுநாள் பூசை முடிந்ததும் புரோகிராமைத் திறந்து தேடினேன். அரை மணிக்கொரு தரம் மெயில் பார்க்கச் சொல்லும் இடத்தில் ஒரு சின்ன 'சரி' அடையாளம் இருந்தது. அதை எடுத்தேன். லைன் இல்லாவிட்டால் தானாக டயல் பண்ணாதே என்று சொல்ல அதன் கீழேயே ஓர் இடம் இருந்தது. அதையும் மாற்றினேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பின் அது ஒருநாளும் தானாகக் கத்தவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வழக்கம்போல நான்தான் வாசித்தேன். "நாலு தரம் எடுத்தேம்மா. நாலு தரமும் என்கேஜ். நான் வர்றது உங்களுக்கு இஷ்டமில்ல, அதான் ஃபோனக் கழட்டி வச்சிட்டீங்கன்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்டுட்டேன்."

அத்தை அழவில்லை. பதில் எழுதச் சொன்னார். பேனாவை எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன், பிறகு குனிந்து தேதியை எழுதினேன்.

"அம்மா ஃபோன் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்னு எழுதுங்க. ஒன்னைய வரச் சொல்லத்தான் ஒக்காந்திருந்தேன்னு எழுதுங்க."

எழுதினேன்.

"அன்னிக்கு லைன்ல கூட்டம்னு நீங்கதானே சொன்னீங்க தம்பி, அதையும் எழுதுங்க. புள்ள என்னையத் தப்பா நெனச்சிறக் கூடாது."

அதையும் எழுதினேன்.