பசைக்காரரின் மூக்கு

பசைக்காரர் மட்டும் ராஜாக்கள் காலத்தில் பிறந்திருந்தால் உலகத்தில் ஒரு போர்கூட நடந்திருக்காது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, கோட்டை வாசலில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தால் போதும். எதிரிப் படை யானை, குதிரை, தளபதி சகிதம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போயிருக்கும். யானை பாடுதான் திண்டாட்டம், பொத்துவதற்கு நீளம் அதிகம்.

இது குடியிருப்பில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவர் மேல் அடித்த வாடை ஒரு கை நீளத்துக்கு மேல் எட்டாது. ஆனால் ஒரு கை நீளத்துக்குள் யாரும் வராததால் அந்த விஷயம் யாருக்கும் தெரியாமலே போயிற்று.

அவர் வேலை பார்த்தது பசை ஆலையில். தோல் பதனிடும் இடங்களில் கழித்துப் போடுகிற துண்டு துணுக்குகளை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, கழுவி, ஆள் உயரக் கொப்பரையில் வேகவைத்தால் பசை இறங்கும். வடிகட்டி, உலர்த்தி, தகடு தகடாக உடைத்து மூட்டை கட்டுவார்கள். கொப்பரைப் பக்கத்தில் நின்று துழாவுவது பசைக்காரரின் வேலை. வேறு வேலை கிடைக்கும்வரை மூன்று மாதம் இருக்கலாம் என்று இருபத்து மூன்று வயதில் போனார். இப்போது ஐம்பது ஆகிறது. அந்த மூன்று மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

கல்யாணம் பேசும்போது பெண் வீட்டாரிடம் "கெமிக்கல் கம்பெனி" என்று சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணமான ஒரு வாரத்தில், அவருடைய சட்டையை வாளியில் நனைத்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"என்னங்க, உங்க கெமிக்கலுக்குக் கொம்பெல்லாம் இருந்திருக்கும் போலிருக்கே?"

அவர் திருடன் மாதிரி நின்றார். அவள் இன்னொரு பிடி சோப்புத்தூளை அள்ளிப் போட்டாள். அதோடு சரி, அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுக்கவே இல்லை.

மற்றவர்கள் அப்படி விடவில்லை. ஆனால் யாரும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டினால்கூடத் திருப்பித் திட்டிவிடலாம், கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பவரை என்ன செய்வது? சளி பிடித்திருக்கிறது என்பார்கள். பசைக்காரர் நுழைகிற இடத்திலெல்லாம் ஊருக்கே சளி பிடித்தது. பஸ்ஸில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டு வந்தாலும் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் இடம். கடைசியில் அதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் பஸ்ஸை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

கடலுக்குப் போகிறவர்களுக்குக்கூட அவ்வளவு காற்று சாஸ்திரம் தெரிந்திருக்காது. கடையில் வரிசை நின்றால் கன்னத்தில் காற்று எந்தப் பக்கம் படுகிறது என்று பார்த்து, தன் வாடை யார் மேலும் போகாத பக்கமாக ஒதுங்கி நிற்பார். மின்விசிறிக்கு அடியில் உட்கார மாட்டார். ஆலையில் ஒரு குளியல், வீட்டுக்கு வந்து இன்னொரு குளியல். வேலைத் துணியை இரண்டு பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டுத்தான் கொண்டுவருவார். மொட்டைமாடிக் கொடியில் எல்லாரும் துணி எடுத்த பிறகுதான் அவர் துணி ஏறும்.

இத்தனை செய்தும் ஐந்து வீடு மாறியாகிவிட்டது. வீடு பார்க்கப் போனால் வாடகை, முன்பணம், தண்ணீர் எல்லாம் நல்லபடியாகப் பேசுவார்கள். பிறகு "எங்க வேலை பாக்குறீங்க?" என்று ஒரு கேள்வி வரும். பதில் சொன்னதும் வீட்டுக்காரரின் மச்சானுக்கு அந்த வீடு திடீரென்று தேவைப்பட்டுவிடும்.

இப்போது இருப்பது ஆறாவது வீடு. தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டி இரண்டு அறை. போன வருடம் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரைத்தளத்தில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. எட்டு மாதம் அலைந்து இதைப் பிடித்தார்கள். இதை விட்டால் இன்னொன்று கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

குடியிருப்புக்கு ஒரு செயலாளர் இருந்தார். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, ரப்பர் ஸ்டாம்பை அவரே செய்து வாங்கிக்கொண்டார். வீட்டுச் சொந்தக்காரர் வெளியூரில் இருந்ததால், செயலாளர் என்ன எழுதி அனுப்பினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். மாடிப்படிக்கு அடியில் செயலாளரின் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று நின்றது. செத்துப்போய் மூன்று வருடம் ஆகியும் அதை எடுக்கவும் மாட்டார், யாரையும் தொடவும் விட மாட்டார். வராந்தாவில் விளையாடும் பையன்களின் பந்தைப் பிடுங்கி அதற்குள் போட்டுவைப்பார். பந்துகளுக்கு அது ஜெயில். ஃபிரிட்ஜுக்கு அடுத்த கதவு பசைக்காரர் வீடு.

கோடை தொடங்கிய ஒரு வாரத்தில் மாடிப்படியில் நாற்றம் கிளம்பியது. முதலில் லேசாக இருந்தது. மூன்றாம் நாள் படியேறுகிறவர்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்கள். எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் தேடவில்லை. விடைதான் ஏற்கெனவே தரைத்தளத்தில் குடியிருக்கிறதே. பசைக்காரர் கதவிடுக்கில் பெயர் போடாத ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "குளிக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பசைக்காரரும் அதை நம்பினார். இருபத்தேழு வருடமாக எங்கே நாறினாலும் அது அவர்தான் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகு, அவருக்கே வேறு மாதிரி நினைக்கத் தெரியவில்லை. மூன்று வேளை குளித்தார். தேய்க்கிற கல்லால் முழங்கை சிவக்கத் தேய்த்தார்.

"உங்க மேல இல்லீங்க. தோலை உரிச்சு வெச்சாலும் அது போகாது" என்றாள் மனைவி.

"உனக்குப் பழகிப்போச்சு. உனக்குத் தெரியாது."

"இருபத்தஞ்சு வருஷம் உங்க சட்டையத் துவைச்சவ எனக்குத் தெரியாது, மேல்மாடிக்காரங்களுக்குத் தெரியுமாக்கும்."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் கூட்டம் போட்டார்கள். பசைக்காரர் போய், காற்றுப் பார்த்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். செயலாளர் ஒரு தாளை விரித்துவைத்துப் பேசினார்.

"யாரையும் புண்படுத்தணும்னு இல்ல அண்ணே. உங்க தொழிலை நாங்க மதிக்கிறோம். ஆனா குழந்தை குட்டி இருக்கிற இடம். இந்த மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்கிட்டா எல்லாருக்கும் நல்லது."

"எங்க வீட்டம்மாவுக்குக் கால் முடியலீங்க."

"அதனாலதான் மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுக்குறோம்."

அப்போது மாதம் பதினெட்டாம் தேதி. இரண்டாம் மாடித் தச்சர் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு தலையாட்டினார். அவருடைய விரல் இடுக்கில் பசை காய்ந்து செதில் செதிலாக ஒட்டியிருந்தது. அது எந்த ஆலைப் பசை என்பது பசைக்காரருக்குப் பார்த்ததும் தெரிந்தது, போன மாதம் அவரே துழாவி எடுத்த பதம். அதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

மனைவிதான் ஒரு யோசனை சொன்னாள். "அஞ்சு நாள் லீவு போட்டுட்டு உங்க தம்பி வீட்டுக்குப் போங்க. நீங்க இல்லாதப்பவும் நாறுதான்னு அவங்களே பாக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடப் புரியும்."

செயலாளரிடம் சொல்லிவிட்டே போனார். தம்பி வீடு ஊருக்கு வெளியே, வயல் ஓரத்தில் இருந்தது. ஐந்து நாளும் வேலையில்லாமல் நல்ல காற்றில் உட்கார்ந்திருந்தார். அங்கேயும் காற்றடிக்கும் பக்கம் பார்த்தே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டதைத் தம்பி கவனித்தான்.

ஆறாம் நாள் மத்தியானம் திரும்பினார். நாற்றம் குறையவில்லை, கூடியிருந்தது. செயலாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அஞ்சு நாளா நான் இங்க இல்லீங்களே" என்றார் பசைக்காரர்.

"நீங்க போனீங்க அண்ணே, இல்லேங்கல. ஆனா அது சுவத்துல ஊறிடுச்சே. சுவத்தை எந்தத் தம்பி வீட்டுக்கு அனுப்புறது?"

சொல்லிவிட்டு அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனார். பசைக்காரர் பையைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அப்படியே நின்று மூச்சை இழுத்துவிட்டார்.

அப்போதுதான் பொறி தட்டியது. ஐந்து நாள் நல்ல காற்றில் இருந்த மூக்கு புதுசாகிவிட்டிருந்தது. இது தோல் வாடை இல்லை. சுண்ணாம்பும் இல்லை, கொப்பரையும் இல்லை. பசை ஆலையில் வேலை செய்கிறவனுக்கு மூக்கு செத்துவிடும் என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் கொப்பரை பதமாகிவிட்டதா, தீய்கிறதா என்று வாடையை வைத்தே சொல்கிற மூக்கு அது. இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக, ஏதோ ஒன்று நாறுகிறது, அது தான் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

மூக்குப் போன வழியே போனார். நாலே எட்டு. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தார். மூன்று பந்துகள் கிடந்தன. காய்கறி வைக்கும் தட்டில் ஒரு பொட்டலம். நாலு முட்டைகளை ஒரு கணக்குப் பரீட்சைத் தாளில் சுற்றி, மெல்லிய பைக்குள் திணித்து, அவசரத்தில் முடிச்சுக்கூடப் போடாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கத்தி எல்லாரையும் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என்ன சொல்வார்கள் என்பது அவருக்குக் கேட்காமலே கேட்டது. வீட்டைக் காப்பாற்ற நீங்களே கொண்டுவந்து வைத்திருப்பீர்கள் என்பார்கள். செயலாளரின் ஃபிரிட்ஜைத் தொட்ட குற்றமும் சேரும். அதனால் யாரையும் கூப்பிடவில்லை. பொட்டலத்தைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். தட்டைக் கழற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவித் துடைத்து மாட்டினார். மூன்று பந்துகளையும் துடைத்து, முதல் படியில் வரிசையாக வைத்தார்.

இரண்டு நாளில் நாற்றம் போய்விட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் செயலாளர் கதவைத் தட்டினார். இந்த முறை கையில் கைக்குட்டை இல்லை.

"பாத்தீங்களா அண்ணே? சொன்ன உடனே கேட்டுக்கிட்டீங்க. கொஞ்சம் சுத்தமா இருந்தா யாருக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. உங்களைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுதி வெச்ச லெட்டரை நான் அனுப்பல."

"சரிங்க" என்றார் பசைக்காரர்.

அவர் போனதும் மனைவி கட்டிலில் இருந்தபடியே பொரிந்தாள். "என்ன சரிங்க? அழுக்கா இருந்தது நாமதான்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆச்சே. உங்க வாயில என்ன, உங்க பசையையே போட்டு ஒட்டியிருக்கா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"நீ படி ஏற வேணாம்ல. அது போதும்."

வாளியில் அவர் சட்டை ஊறிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் ஆறு தாளில் எழுதி, இதை எழுதியவன் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிவந்து பசைக்காரரிடம் கொடுத்தான். தப்பு ஏதாவது இருந்தால் சொல்லச் சொன்னான். அவர் படியில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். யானை வந்த இடத்தில் சிரித்தார். கெமிக்கல் கம்பெனியைப் படித்துவிட்டு வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் தாளில் அவர் விரல் நின்றது.

"நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. அன்னிக்கு நீ கேட்டப்ப, ஃபிரிட்ஜுக்குள்ள ஏதோ ஒரு பொட்டலம் கிடந்துச்சுன்னுதானே சொன்னேன்?"

"ஆமா."

"நான் பாக்கும்போது உள்ள எல்லாம் வெடிச்சு ஒரே கூழா இருந்துச்சு. எத்தனை முட்டைன்னு எனக்கே தெரியாது. நீ நாலுன்னு போட்டிருக்கே."

எழுதியவன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான்.

"என் பந்தையும் பிடுங்கி வெச்சுக்கிட்டாரு. அவரு திறப்பாருன்னு நெனச்சுதான் வெச்சேன்" என்றான் கடைசியில். "அவரு திறக்கவே இல்ல. அப்புறம் கூட்டம் போட்டாங்க. அப்ப சொல்ல பயமா இருந்துச்சு."

"ம்."

அவர் தாள்களை அடுக்கி, முழங்காலில் தட்டிச் சீராக்கி, அவனிடம் நீட்டினார். கொஞ்சம் நகர்ந்து, படியில் தன் பக்கத்தில் இடம் விட்டார். அவன் உட்கார்ந்தான்.

"கணக்குப் பரீட்சைத் தாள்னு எழுதினியே, மார்க்கை ஏன் விட்டுட்டே? பேரு மேலயே சிவப்பு மையில பெருசாப் போட்டிருந்துச்சு" என்றார். "நூத்துக்குப் பதினொண்ணு. அதையும் சேத்து எழுது."