பதிமூன்றாம் ரீலில் வெட்டிய துண்டு

ஒரு சனிக்கிழமை காலை மேனேஜர் மாடிப்படி ஏறி ஆபரேட்டர் ரூமுக்கு வந்தார். அவர் மேலே வருவது அபூர்வம். மூச்சு வாங்க வாசலிலேயே நின்றுகொண்டு, "சவரி, பதிமூணாவது ரீல்ல அண்ணனும் தம்பியும் உக்காந்து பேசுறாகள்ல, அதை எடுத்துரு. நேத்து ஊளைச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு" என்றார். நான் சரி சார் என்றேன். கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டேன்.

திண்டுக்கல்லில் அந்தத் தியேட்டரில் இருபத்தெட்டு வருஷம் படம் ஓட்டினேன். எத்தனையோ பாட்டை, சண்டையை, காமெடியை வெட்டியிருக்கிறேன். படம் நீளமாக இருந்தால் நாலு காட்சியும் நேரத்துக்கு முடியாது. வெட்டுவது எங்களுக்குச் சாதாரண வேலை. அன்று வெட்டியதைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லி என் மகள் கேட்டாள்.

1. பேய்ப் படம்

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம் அது. பேய்ப் படம் என்றால் ஒரு வாரத்துக்குக் கூட்டம் நிச்சயம். இந்தப் படத்துக்கும் போஸ்டரில் ரத்தச் சிவப்பில் ஒரு கை மட்டும் போட்டு, இதய நோய் உள்ளவர்கள் தவிர்க்கவும் என்று அச்சடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்குப் பெஞ்சு டிக்கெட் தீர்ந்துவிட்டது.

ஆனால் படம் அப்படிப்பட்ட படமில்லை. வெள்ளம் வந்த ஆற்றை ஒரு அண்ணனும் தம்பியும் பரிசலில் கடக்கிறார்கள். பரிசல் கவிழ்ந்து தம்பி போய்விடுகிறான். அண்ணன் மட்டும் கரையேறுகிறான். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் ஈரக் கால்தடம் விழுகிறது. யார் கால், எதற்காக வருகிறது என்பதுதான் மர்மம். ஊர் பயப்படுகிறது, மந்திரவாதி வருகிறார், உடுக்கை அடிக்கிறார்கள். தம்பி பழிவாங்க வந்திருக்கிறான் என்றே நாமும் நினைத்துக்கொண்டிருப்போம். கடைசியில் தம்பி அண்ணனுக்கு எதிரே வந்து உட்காருகிறான். பின்னணி இசை கிடையாது. நாலு நிமிஷம் இரண்டு பேரும் பேசுகிறார்கள். "நீ கையை விடலண்ணே, நான்தான் விட்டேன். புடிச்சிருந்தா நீயும் போயிருப்ப" என்று தம்பி சொல்கிறான். அவ்வளவுதான். அதோடு கால்தடம் நின்றுவிடுகிறது.

பயப்படலாம் என்று வந்தவர்களுக்கு அந்த நாலு நிமிஷம் பொறுக்கவில்லை. விசிலும் ஊளையும் பறந்தன. மேலே எங்கள் ரூமில் மெஷின் ஓடும் சத்தத்தில் வசனம் சரியாகக் கேட்காது. சுவரில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் பாதி வார்த்தை வரும். கூட்டத்தின் ஊளை மட்டும் நன்றாகக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் படம் எப்படி என்று நான் முடிவு செய்வேன்.

2. பெருமாள்

முதல் வாரமே ஒரு ஆளைக் கவனித்தேன். மேட்னி காட்சிக்குத் தினமும் வருவார். கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில், ஓரத்தில் உட்காருவார். ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்தால் அவர் தலையும் தோளில் கிடக்கும் துண்டும் தெரியும். அந்தப் பேச்சுக் காட்சி முடிந்ததும் எழுந்து போய்விடுவார். அதற்கப்புறம் வரும் திருவிழாப் பாட்டைப் பார்க்கவே மாட்டார்.

புதன்கிழமை மேட்னிக்கு முன்னால் டீக்கடையில் அவரைப் பிடித்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். சேவுகம்பட்டிக்காரர், பெயர் பெருமாள். தோட்டத்தில் மல்லிகை போட்டிருந்தார். பூவை நிலக்கோட்டைக்குக் கொண்டுபோகாமல் இம்புட்டு தூரம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன். அங்கே எல்லோரும் தெரிந்தவர்கள், தம்பியைப் பற்றி விசாரிப்பார்கள், அதனால் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வருகிறேன் என்றார். தம்பிக்கு என்ன என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று அப்புறம் தோன்றியது. ஆனால் யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் காத்திருந்த மாதிரியும் இருந்தது.

தம்பி பெயர் கண்ணன். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கரண்டு இல்லாத நேரத்தில், கண்ணன் மோட்டார் ஒயரைச் சரிபார்க்கக் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறான். அது பெருமாளுக்குத் தெரியாது. கரண்டு வந்ததும் மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்டார்ட்டரை அமுக்கியிருக்கிறார்.

"ஒரு சத்தம் குடுத்துட்டுப் போட்டிருக்கலாம்ண்ணே" என்றார். "தெனமும் குடுப்பேன். அன்னைக்குக் குடுக்கல."

அதன் பிறகு அவர் வீட்டில் சாப்பிடுவதில்லை. தோட்டத்து மோட்டார் ரூமிலேயே படுக்கை. சம்சாரம் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுக்கும் கஞ்சிதான் சாப்பாடு. தம்பி மனைவி செல்வி அந்த வீட்டில்தான் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க இவருக்குத் துணிச்சல் இல்லை. எட்டு மாதமாக இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளையும் சம்சாரத்தையும் ஒரு நாள் இந்தப் படத்துக்குக் கூட்டி வர வேண்டும் என்றார். என்னால் சொல்ல முடியாததை அந்தக் காட்சி சொல்லும் என்றார். நான் கூட்டி வாங்க அப்பு என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன்.

சனிக்கிழமை காலை மேனேஜர் சொன்னபோது இது எதுவும் என் நினைவில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேலை என்றால் கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் போல. முன்னூற்றறுபது அடி பிலிமைச் சுருட்டி ஒரு தகர டப்பாவில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அன்று மேட்னிக்குப் பெருமாள் வரவும் இல்லை.

3. ஞாயிற்றுக்கிழமை மேட்னி

அன்று என்னோடு வேலை பார்ப்பவர் கொசவபட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் தனியாகத்தான் ஓட்டினேன். இடைவேளையில் விளக்கைப் போட்டுவிட்டு ஓட்டை வழியாகப் பார்த்தேன். அதே வரிசையில் பெருமாள். வெளுத்த சட்டை போட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சம்சாரம். அதற்கு அடுத்து, நெற்றியில் ஒன்றும் இல்லாமல், இருபத்தைந்து வயதில் ஒரு பெண். பெருமாள் முறுக்குப் பொட்டலத்தை சம்சாரத்திடம் கொடுத்தார். சம்சாரம் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை.

மேசைக்கு அடியில் கிடந்த தகர டப்பாவைக் குனிந்து பார்த்தேன்.

இடைவேளை முடிந்து படம் ஓடத் தொடங்கியது. மேனேஜர் சொன்னதை மீறினால் வேலைக்கு ஆபத்து. முதலாளிக்கு வேண்டியவர் அவர். எனக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். பிலிம் சுற்றிய ஒரு ஸ்பூல் ஓடி முடிகிற வரைக்கும் என்ன செய்வது என்று தெரியாமல் மெஷினுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றேன்.

எங்களிடம் இரண்டு மெஷின். ஒன்றில், இரண்டு ரீல் சேர்த்துச் சுற்றிய ஒரு ஸ்பூல் இருபது நிமிஷம் ஓடும். அது முடியும்போது அடுத்ததற்கு மாற்ற வேண்டும். கடைசிக்கு முந்திய ஸ்பூல் ஓடத் தொடங்கியபோது, பதிமூன்றாம் ரீல் இருக்கும் கடைசி ஸ்பூல் மேசையில் இருந்தது. அதைக் கையால் சுற்றிக்கொண்டே போய், முந்திய நாள் நான் போட்ட ஒட்டைக் கண்டுபிடித்தேன். கத்தரிக்கோலை எடுத்து ஒட்டு வைத்த இடத்தில் வெட்டிவிட்டேன். வெட்டிய பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும்.

பிலிமை ஒட்டுவது அவசரத்தில் செய்கிற வேலை இல்லை. ஓரத்தில் மருந்துப் பூச்சைச் சுரண்ட வேண்டும், பிலிம் சிமெண்ட் தடவ வேண்டும், துளைக்குத் துளை பொருந்த அமுக்கிப் பிடிக்க வேண்டும். நடுவில், ஓடுகிற மெஷினில் வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து தேயும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை போய் அதைத் திருகி நெருக்காவிட்டால் திரையில் வெளிச்சம் மங்கும். ஒட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே திரை மஞ்சளாவது தெரிந்தது. விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால் ஒட்டு நகர்ந்திருந்தது. பிய்த்துவிட்டு மறுபடி சுரண்டினேன். அந்தோணியாரே என்று சத்தமாகவே சொன்னேன்.

முதல் ஒட்டு பிடித்தது. இரண்டாவது ஒட்டு காய்வதற்குள் ஸ்பூலை மாட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாயால் ஊதிக்கொண்டே மாட்டினேன். திரையின் மூலையில் மாற்றச் சொல்லும் புள்ளி விழுந்தது. மாற்றினேன்.

ஒட்டு, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேட்டைத் தாண்டும்போது ஸ்பீக்கரில் டக் என்று ஒரு சத்தம். அறுந்து போகவில்லை. தம்பி வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தான்.

ஊளை தொடங்கியது. அதே நேரம் படியில் செருப்புச் சத்தம். மேனேஜர் உள்ளே வந்தார்.

"வெட்டச் சொன்னேன்ல?"

கீழே ஒருத்தர் வீட்டாரோடு வந்திருக்கிறார் சார் என்றேன். தம்பி, மோட்டார், கிணறு என்று நாலைந்து வார்த்தையில் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தார். நான் பக்கத்து ஓட்டையில் பார்த்தேன். அப்போதுதான் செல்வி எழுந்தாள். முறுக்குப் பொட்டலம் கீழே விழுந்தது. திரையில் தம்பி இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். பெருமாள் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நான் செய்தது எல்லாம் கெட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். மேனேஜர் ஓட்டையிலிருந்து நிமிர்ந்து கீழே இறங்கிப் போனார்.

4. சைக்கிள் ஸ்டாண்டு

படம் விட்டதும் மெஷினை அணைத்துவிட்டு ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் புங்கமரத்து நிழலில் செல்வி சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். கையில் சோடா பாட்டில். மேனேஜர் வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் கொஞ்சம் தள்ளி, டோக்கன் கொடுப்பவரிடம் பேசுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். பெருமாளும் சம்சாரமும் அவளுக்கு எதிரே நின்றார்கள். நான் சைக்கிள்களுக்குப் பின்னால் நின்றேன்.

பெருமாள் தரையைப் பார்த்தபடி, தப்பாக நினைக்காதே, இந்தப் படத்துக்குக் கூட்டி வந்திருக்கக் கூடாது என்றார்.

செல்வி சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"செத்தவுக வந்து சொல்ற வரைக்கும் காத்திருக்க என்னால ஏலல மச்சான். அதான் எந்திரிச்சு வந்துட்டேன். அவுக வரமாட்டாக. உசுரோட இருக்கது நான். என்கிட்ட நீங்க ஒருநாளாவது கேட்டீகளா?"

பெருமாள் நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை என்று அவர் சம்சாரம் பிறகு சொன்னார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு செல்வி உன் முன்னாடி வந்து நிப்பேன்?"

"நிக்க வேணாம். வந்து உக்காந்து சாப்புட்டாப் போதும். தோட்டத்துலயே கெடக்கீக. போனது ஒருத்தருன்னு நெனச்சீகளா? அந்த வீட்டுல எனக்கு ரெண்டு பேரும் போயிட்டாப்புல இருக்கு."

பெருமாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். சம்சாரம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டார். வத்தலக்குண்டு பஸ் இரண்டு போய்விட்டது. அவர்கள் மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினார்கள். போகும்போது பெருமாள் என்னைப் பார்த்து, வாரேண்ணே என்றார். அந்தக் காட்சியை நான் வெட்டியதும் ஒட்டியதும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மேனேஜர் பக்கத்தில் வந்தார். என் மனசில் வேலை போயிற்று என்ற எண்ணம். அவர் காலிச் சோடா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை வரைக்கும்தான் படம். அந்தப் பேச்சு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஆறு மணிக் காட்சிக்கு ஊளை வருமே சார் என்றேன். வரட்டும் என்றார்.

5. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது

கல்யாணத்துக்குப் போனவர் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். மேட்னியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷத்தில் எங்கள் தியேட்டரில் நான் கீழே உட்கார்ந்து முழுசாகப் பார்த்த முதல் படம் அதுதான்.

அந்தக் காட்சி வந்தது. எனக்கு இரண்டு ஆள் தள்ளி, பூட்டுப் பட்டறைக்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கைவிரலில் எல்லாம் கறுப்பு. எல்லோருக்கும் முன்னால் விசில் அடித்தது அவர்தான். அடித்துவிட்டு உடனே முழங்கையால் கண்ணைத் துடைத்தார். மறுபடி விசில், மறுபடி துடைப்பு. அவருக்கு முன்னால் இருந்தவர் ஊளையிட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தார், தன்னை யாரும் கவனிக்கிறார்களா என்று. பின்னணி இசை இல்லாத அந்த நாலு நிமிஷத்தில் அவரவர் வீட்டுச் சாவு அவரவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் தாங்க முடியாமல்தான் சத்தம் போட்டார்கள். மேலே இருந்து கேட்டபோது எனக்கு அது வெறும் ஊளை.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். வெட்டாதே என்று சொல்ல மாட்டேன். அதன் பிறகும் வருஷக்கணக்கில் வெட்டினேன், மேனேஜர் சொன்னால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் புதுப் படப் பெட்டி வந்தால் ஒரு காட்சியாவது கீழே போய், ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன். சில நேரம் மேனேஜரிடம், இதை விட்டுட்டுப் பாட்டை எடுத்துக்கிறேன் சார் என்று சொல்வேன். அவர் ஏன் என்று கேட்டதில்லை.